இருட்ட மறுத்த தட்டு

"உன் கை சுத்தமா?" வேலைக்குச் சேர்ந்த அன்று ஆய்வுக்கூடத் தலைவர் கேட்ட கேள்வி, கண்ணாடித் தட்டு கழுவும் அவளுக்கு இன்று மறுபடியும் காதில் ஒலித்தது.

அங்கே சோதித்துக்கொண்டிருந்தது, செல்லிலோ நீரிலோ துத்தநாகம் இருந்தால் பச்சையாக ஒளிரும் ஒரு சாயம். துத்தநாகத்தை அடியோடு நீக்கிய தட்டு இருட்டாக இருக்க வேண்டும். மூன்றாம் முறையாக அது ஒளிர்ந்தது.

"கழுவுறவ கையில எதைப் பூசிட்டு வந்தாளோ! நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லு" என்று தலைவர் தன் ஆய்வு மாணவியிடம் சீறினார்.

"சத்தியமா வெறுங்கைதான் சார்." இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"இருங்கக்கா, சாயத்தையே கேப்போம்" என்ற மாணவி, கழுவுபவளின் விரலைத் தண்ணீரில் முக்கி, அதில் சாயம் சொட்டி, சாயத்தை ஒளிர வைக்கும் விளக்கடியில் வைத்தாள்.

இருட்டு.

மாணவியின் விரலுக்கும் இருட்டு.

"தட்டைத் தொட்டது நாம மூணு பேர்தான். நீங்களும் முக்குங்க சார்."

"எனக்கே பரீட்சையா?" சிரித்தபடி முக்கினார்.

தண்ணீர் பச்சையாகப் பற்றி எரிந்தது.

"அரிப்புக்கு டாக்டர் குடுத்த களிம்பு... அதுல துத்தநாகம்..." அவர் குரல் உள்ளே போனது.

"எத்தனை நாளா பூசுறீங்க சார்?" மாணவியின் முகம் வெளுத்தது. "போன வருஷம் இதே சாயத்தை வச்சு அச்சேறின நம்ம கட்டுரை...?"

தலைவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியேறினார்.