பொறுப்பான ஆள்

கர்த்தரே, அவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியிருக்க வேண்டும்.

காரை நிறுத்திவிட்டு, பனி வழுக்காமலிருக்க உப்புத் தூவிய பாதையில் ஷெரிஃப் அலுவலகத்தை நோக்கி நடக்கையில் மார்லிஸ் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். விஸ்கான்சின் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வரம் கேட்ட பெண்டாட்டி கிடைக்கமாட்டாள்.

அவள் புருஷன் டுவேன் நேற்று மத்தியானம் மீன் பிடிக்கப் போனான். ஜனவரி மாதத்தில் இங்கே எல்லா ஆண்களும் செய்வதுதான். உறைந்த ஏரியின் மேலேயே வண்டியை ஓட்டிப் போய், பனிக்கட்டியில் துளை போட்டு, தகரக் குடிசைக்குள் தூண்டிலும் பிராந்தியுமாகப் பொழுதைக் கழிப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றான். வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை.

காலையில் ரேடியோவில் சொன்னார்கள். பக்கத்து மாவட்டத்து ஏரியில் பனி உடைந்து ஒரு பிக்கப் வண்டி உள்ளே போய்விட்டது. சாம்பல் நிறம். உள்ளே ஒருவர். முக்குளிப்பவர்கள் இன்னும் வண்டியை எட்டவில்லை, பெயர் தெரியவில்லை.

டுவேனின் வண்டி சாம்பல் நிறம். அவன் போனதும் அந்த ஏரிக்குத்தான்.

உடனே ஃபோனில் அந்த மாவட்டத்துச் சிறைப் பட்டியலைத் திறந்தாள். யாரை எதற்காகப் பிடித்தார்கள் என்று படத்தோடு போட்டிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தன் ஊர்ப் பட்டியலை மார்லிஸ் வாராவாரம் பார்க்கிறவள். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடமாட்டாள். காபிக் கடையில் சிநேகிதிகளோடு உட்கார்ந்து, "இவன் பொண்டாட்டி இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சர்ச்சுக்கு வருவா?" என்று கேட்டுச் சிரித்தவளும் அவள்தான்.

இன்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். குடித்துவிட்டு ஓட்டியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் வேறு யாரோ.

அதனால்தான் நேரிலேயே வந்துவிட்டாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பெவ் என்று சட்டையில் பெயர் குத்திய பெண் ஒருத்தி பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றை மென்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ராத்திரி வேலை இன்னும் முடியவில்லை போலும்.

"நேத்து குடிச்சிட்டு ஓட்டிப் பிடிபட்டவங்க விவரம் பாக்கணும்," என்றாள் மார்லிஸ். ஏரியைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. "டுவேன் ஹால்வர்சன். ஃபோன்ல பாத்தேன், பேரு இல்ல."

நீ யார், எதற்குக் கேட்கிறாய் என்று பெவ் கேட்கவில்லை. பொது ஆவணம், கேட்க வேண்டியதில்லை. அந்த மட்டும் நல்லதாயிற்று என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

"அதுல எப்படிம்மா இருக்கும்? அது உள்ள வச்சவங்க பேரு. மொத தடவை மாட்டுறவங்களுக்கு சீட்டு மட்டுந்தானே. நிதானத்துல இருக்கற பொறுப்பான ஆள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டா அனுப்பிடுவோம்."

முதல் தடவைக்கு வெறும் அபராதச் சீட்டுத்தான் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் சீட்டு வாங்கியவர்கள் அந்தப் பட்டியலில் வரவே மாட்டார்கள் என்பது மார்லிஸுக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. பட்டியலில் முகம் இல்லாதவன் யோக்கியன் என்றே இத்தனை காலம் நம்பியிருந்தாள்.

பெவ் விசைப்பலகையில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை தட்டினாள்.

"இருக்காரே. ஏரிக்குப் போற ரோட்டுல வண்டிய பள்ளத்துல இறக்கிட்டாரு. ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்ல."

மார்லிஸ் மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. லைசென்ஸ் போனால் போகட்டும், அவளே ஓட்டுவாள். காபிக் கடையில் எல்லோரும் சிரிக்கட்டும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்படியென்றால் பனிக்கடியில் கிடப்பவன் வேறு யாருடைய புருஷன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

"இப்ப எங்க இருக்காரு? உள்ளயா? கூட்டிட்டுப் போகலாமா?"

"ராத்திரியே போயிட்டாரும்மா." பெவ் சிரித்தாள். "பாவம் அந்தப் பொண்ணு, பைஜாமா மேல கோட்டப் போட்டுக்கிட்டு ஓடி வந்துச்சு. அதையும் ஊதச் சொல்லிப் பாத்துட்டுத்தான் அனுப்பினோம். ஒரு பக்கம் திட்டு, ஒரு பக்கம் அழுகை. அவரு கழுத்துல தன்னோட மஃப்ளரச் சுத்திவிட்டு, கையப் புடிச்சு மெதுவா கூட்டிட்டுப் போச்சு."

மார்லிஸுக்கு விளங்கவில்லை.

"யாரு?"

பெவ் திரையை அவள் பக்கம் திருப்பினாள். பொது ஆவணம்தானே.

பொறுப்பான ஆள் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. உறவு என்ற இடத்தில், மனைவி.

கையெழுத்துக்குக் கீழே பெயரும் இருந்தது. மார்லிஸ் அதைப் படிக்கவில்லை. கையுறைகளை எடுத்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று பெவ் அப்போதுதான் கேட்டாள்.

காலையிலிருந்து அவள் கேட்டது ஒரே ஒரு வரம். அது கிடைத்துவிட்டது.

"தெரிஞ்சவ," என்றாள் மார்லிஸ்.