சத்தமே இல்லாத வண்டி

"புகை கிடையாது, டீசல் செலவு கிடையாது. எல்லாத்துக்கும் மேல, சத்தமே கிடையாது சார்!"

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி முதலாளியிடம் சரக்குப் பெட்டிகளைத் தூக்கிச் செல்லும் பேட்டரி ஃபோர்க்லிஃப்டைப் புகழ்ந்து தள்ளினான் விற்பனையாளன் தயாநிதி. முதலாளி கிட்டத்தட்ட மசிந்துவிட்டார். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த டிரைவர் ராஜவேல்தான் குறுக்கே விழுந்தான்.

"டீசல் வண்டியே வாங்குங்க சார்."

தயாநிதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, புதுசுன்னா பயமா?"

"ஓட்டுறவனுக்கு முன்னால லோடு மறைக்கும். பொம்பளைங்க முதுகக் காட்டிகினு பெட்டி அடுக்குவாங்க. டீசல் சத்தம் கேட்டுதான் ஒதுங்குவாங்க."

"அடுத்த தெரு ஊறுகாய்க் கம்பெனிக்கு நான்தான் இந்த வண்டியக் குடுத்தேன். போய்ப் பாரு. பின்னால வந்து நின்னாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது!"

"ஆமா சார். மேனகாவுக்கும் தெரியல."

"யாரு மேனகா?"

"என் பொண்டாட்டி. அங்கதான் பெட்டி அடுக்கினு இருந்தா. வண்டி ஏறிடுச்சி. அங்கியே உயிர் போயிடுச்சி."

தயாநிதி கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டான்.

"வண்டிய... யாரு ஓட்டினது?"

ராஜவேல் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் சார்."