ரிவர்ஸ் வராதவர்

எதிரே பிணம் வந்துகொண்டிருந்தது.

அவர் பிரேக்கை மிதித்தார்.

தெரு ஒரு கார் அகலம்தான். இடப்பக்கம் தண்ணீர் லாரிக்காக வரிசை பிடித்த பிளாஸ்டிக் குடங்கள். வலப்பக்கம் சாய்த்து நிறுத்திய பைக்குகள். முன்னால் மேளம், ஆட்டம், வாரியிறைத்த பூ. அதற்குப் பின்னால், நாலு தோள்களின் மேல், சாமந்தி போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர்.

யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும்.

அவருக்கு ரிவர்ஸ் வராது.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ரத்த வகை மாதிரி அதுவும் அவரைப் பற்றிய ஒரு தகவல். கார் பழகிய நாட்களில், கற்றுக்கொடுத்தவர் ஒரு மதியம் சொன்னார்: "ரிவர்ஸ் உங்களுக்கு வராது சார், விட்டுடுங்க."

அந்த ஆளுக்கு அப்போது நல்ல பசி. இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்.

அன்றிலிருந்து முன்னால் போயே வாழ்ந்தார். கல்யாண மண்டபம் என்றால் ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடப்பார். முட்டுச்சந்தில் குடியிருக்கும் சொந்தக்காரர்களோடு போக்குவரத்தே விட்டுப்போயிற்று. தப்பிக்கவே முடியாத இடங்களில் அவர் இறங்கிக்கொள்வார். மனைவி மரகதம் ஸ்டியரிங்குக்கு மாறுவாள். மழையில், பட்டுப்புடவையில், ஒருதரம் காய்ச்சலோடுகூட. அவள் பின்னால் எடுத்துத் திருப்பிக் கொடுப்பாள். இவர் ஏறி உட்கார்ந்து ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு போவார்.

இன்று மரகதம் பின்சீட்டில் இருந்தாள். கதவில் சாய்ந்து, நீளவாக்கில்.

குளியலறையில் வழுக்கி உடைந்த காலில் தொடைவரை மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறார்கள்.

பழக்கதோஷம். அவர் பெல்ட்டைக் கழற்றி, இறங்குவதற்குக் கதவையே திறந்துவிட்டார்.

மரகதம் தன் காலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

கதவைச் சாத்தினார்.

மேளம் நின்றது. அதுவரை அது ஒரு தொந்தரவாக இருந்தது. நின்றபிறகுதான் தெரிந்தது, எவ்வளவு உதவியாக இருந்திருக்கிறது என்று.

கொள்ளிச்சட்டி ஏந்திய மகன் ஜன்னலருகே வந்து குனிந்தான். ஈர வேட்டி. அழுது முடித்த கண்.

"சார், எங்க நைனா பின்னால வரமாட்டாரு. எட்த்தா எட்த்ததுதான். நீதான் போவணும்."

"இல்ல தம்பி, உங்க பசங்க யாராவது கொஞ்சம் எடுத்துக் குடுத்தா..."

மகன் திரும்பி, ஆடிக்கொண்டிருந்த பசங்களை ஒரு பார்வை பார்த்தான்.

"எல்லாம் சரக்கு ஏத்திக்கினு கீறானுங்க சார். உன் வண்டி ஊடு போய்ச் சேராது."

பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றினார்கள். கீழே வைக்கக்கூடாது போலிருக்கிறது. ஒருவருக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

கியரை அழுத்திப் பின்னால் இழுத்தார். வண்டி ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது.

மறுபடி.

ஒரு குலுக்கல். குடம் ஒன்று உருண்டது.

"யோவ், அது என் கொடம்யா!" என்றது ஒரு மாடி.

"கொடம் போனா போவட்டும், நீ வா சார்" என்றது கூட்டம்.

தலையைத் திருப்பினார். மரகதத்தின் தலை பின்கண்ணாடியை மறைத்தது. அவளுக்கே அது தெரிந்து, மெல்லச் சரிந்து சீட்டோடு சீட்டாகப் படுத்துக்கொண்டாள். முன்னால் ஓட்டும்போதுகூட "ஆட்டோ, ஆட்டோ" என்று எச்சரிக்கிறவள். இப்போது மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது.

மேளம் மறுபடி தொடங்கியது. இந்தத் தரம் அவருடைய வேகத்துக்கு.

அவர் ஓரடி போனார். ஊர்வலம் ஓரடி வந்தது.

முன்கண்ணாடி நிறைய, வெள்ளைத் துணியால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய இரண்டு பாதங்கள். அந்தத் தெருவில் அவரை அவசரப்படுத்தாத ஒரே மனிதர்.

ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தால் வால் எந்தப் பக்கம் போகும் என்பது டிரான்ஸ்பார்மரைத் தாண்டும்போது விளங்கியது. இத்தனை நாளாக யாரோ தன்னிடமிருந்து ஒளித்துவைத்திருந்த சங்கதி போல இருந்தது. யார் என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

மெயின் ரோட்டுக்கு வந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பெரியவர் கடந்து போனார். பானெட்டின் மேல் கொஞ்சம் பூ விழுந்தது. ஆடிக்கொண்டு போன ஒருவன் காரின் கூரையைத் தட்டி, "சூப்பர் சார்!" என்றான். மகன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் இன்ஜினை அணைத்தார். ஒரு பாராட்டாவது வரும் என்று கண்ணாடியில் பார்த்தார்.

மரகதம் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷம்..." என்றாள். முடிக்கவில்லை.

பிறகு பையைத் துழாவி போனை எடுத்தாள். கால் சரியாகிறவரை சமைத்துப்போடுவதற்காக, செங்கல்பட்டிலிருக்கும் அக்காவை நாளைக் காலை வரச்சொல்லியிருந்தாள்.

"அக்கா, நீ வர வேணாம். பேரப்புள்ளைங்கள விட்டுட்டு எதுக்கு அலையற? இங்க சமைக்க ஆள் கெடைச்சாச்சு."

யார் என்று கேட்கத் திரும்பினார்.

காரில் வேறு யாரும் இல்லை.