எதிரொலிக்கு ஒரு ஆள்

பனிமூட்டத்துக்குள் கல் உருளும் சத்தம் கேட்டது.

சின்னக் கல் இல்லை. நான் பிடித்திருந்த கம்பி வேலியே ஒருமுறை நடுங்கி நின்றது.

வேனில் வந்த பதினான்கு பேரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் ஓடினார்கள். அருவி, படகு ஏரி, பூங்கா எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக எதிரொலி முனைக்கு வந்தவர்கள். அந்தச் சத்தமும் டிக்கெட்டில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், எதிர்ப்பாறையில் என் மச்சினன் இருக்கிறான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சாலை போட வெடி வைத்தார்கள். பெரிய பலகைக்கல் ஒன்று பிளந்து, எதிர்ப்பாறையின் முகத்தை மறைத்தபடி சாய்ந்து நின்றுவிட்டது. அன்றோடு எதிரொலி செத்தது. வழிகாட்டியான என் பிழைப்பும் கூடவே சாகப் பார்த்தது.

அப்போதுதான் வேலைவெட்டி இல்லாமல் இருந்த மச்சினனை அந்தப் பலகைக்கல்லுக்குக் கீழே இருந்த பொந்தில் உட்காரவைத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிளாஸ்க் டீ. இங்கே யார் எதைக் கத்தினாலும் அவன் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாது. சட்டம் நான் போட்டது.

அவனுக்குக் கட்டைத் தொண்டை. பெண்கள் கத்தினாலும் ஆண்குரல்தான் திரும்பி வரும். "இது ஆம்பளைப் பாறைங்க" என்று சொல்லிச் சமாளிப்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

அங்கே கைபேசிக்கு சிக்னல் கிடையாது. கல் சத்தம் அடங்கியதும் கையை வாயருகே குவித்துக் கத்தினேன்.

"நல்லாருக்கியா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாருக்கியா?" என்று வந்தது.

அப்பாடா. போன உயிர் திரும்பியது. பயல் இருக்கிறான், வேலையும் பார்க்கிறான். வீட்டுக்குப் போய் அவன் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கஷ்டம் இல்லை.

புதிதாகக் கல்யாணம் ஆன ஒருவன் வேலியில் சாய்ந்துகொண்டு, மனைவியைச் சீண்டுவதற்காக, "காப்பாத்துங்க!" என்று கத்தினான். அவள் அவன் இடுப்பில் கிள்ளினாள்.

"காப்பாத்துங்க!" என்றது எதிர்ப்பக்கம். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம், இழுத்து, "காப்பாத்துங்க!"

இரண்டு தரம் வந்ததில் கூட்டத்துக்கு ஒரே குஷி. பயல் இன்று கூடுதலாகவே உழைக்கிறான் என்று எனக்கும் பெருமை. கைதட்டலைத் தொடங்கி வைப்பது எப்போதும் என் வேலை. தொடங்கி வைத்தேன். பதினான்கு பேரும் சேர்ந்து தட்டினார்கள்.

பிறகு ஒரு சிறுமி வந்தாள். ஐந்து வயது இருக்கும். அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தோடு "அம்மா!" என்று கத்தினாள்.

"அம்மா!" என்று திரும்பி வந்தது.

கீச்சென்று. அவள் குரலிலேயே.

கூட்டம் மறுபடி என் கையைப் பார்த்தது. என் கை எழும்பவில்லை.

என் மச்சினன் தலைகீழாக நின்றாலும் அந்தக் குரல் அவனுக்கு வராது. பாறைதான் பேசுகிறது. பாறைக்கு வாய் திறந்துவிட்டதென்றால் அந்தப் பலகைக்கல் இப்போது அதன் இடத்தில் இல்லை. அதற்கு நேர் கீழேதான் நாற்காலி போட்டிருந்தேன். நானே என் கையால் போட்டது.

"கைடு, எங்க ஓடுறீங்க?"

"அங்க ஆள் இருக்கான்! இத்தனை வருஷமா கத்துனது எதிரொலி இல்லங்க, ஆளு! என் மச்சினன்!"

சிலர் சிரித்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். அந்தப் புது மாப்பிள்ளை மட்டும் முகம் மாறி என் பின்னால் ஓடிவந்தான்.

மரப்பாலம், அப்புறம் ஈரப் படிகள். இருபது நிமிஷ வழி. எத்தனை தரம் விழுந்து எழுந்தேனோ தெரியாது. எனக்கு அவனைக் கூப்பிடவே பயமாக இருந்தது. கூப்பிட்டால் என் குரலே வந்து அவன் இருப்பதாக என்னை ஏமாற்றும். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். காலையில் அவன் அக்கா, "குளிருது, மப்ளர் கட்டிக்கடா" என்று அவன் கழுத்தில் சுற்றிவிட்டது மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

பொந்தின் வாசலைக் கல் பாதி அடைத்திருந்தது. நாற்காலி நொறுங்கிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவன் மல்லாந்து கிடந்தான். முட்டிக்குக் கீழே ஒரு கால் கல்லுக்கு அடியில். முகமெல்லாம் மண். கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்து அசைந்தது.

அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். புது மாப்பிள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆட்களைக் கூட்டிவர வந்த வழியே திரும்பி ஓடினான்.

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா மாப்ள? நான் அங்கதானே நின்னேன்!"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். குரல் கம்மிப்போயிருந்தது. கோபமாகச் சொல்லவில்லை.

"குடுத்தேனே மாமா. கைதட்டுனீங்க."