ஜன்னல் வலை

மேல் அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் டுவைட். பந்தயத் திடலின் பின்புறம் நிறுத்தியிருந்த அவர்கள் தங்கும் வீட்டு வண்டிக்குள் இரண்டு கோப்பைக் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ரோண்டா, சர்க்கரை டப்பா எங்க போச்சு?"

"கீழ டிராயர்ல. மாத்தி ஒரு வாரமாச்சு. ஓடுற வண்டியில மேல வெச்சா யார் தலையிலயாவது விழும்."

"இருபது வருஷமா விழாத டப்பா!"

ரோண்டா மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்துக்கொண்டாள். மூன்று வருடங்களுக்கு முன்பு இதே திடலில்தான் அவள் தம்பி கர்ட்டிஸ் பந்தயக் காரோடு சுவரில் மோதினான். அன்றிலிருந்து, ஓட்டுகிறவன் உயிரோடு இறங்கி வருகிற மாதிரி ஒரு காரை வடிவமைப்பதிலேயே அவள் தூக்கமெல்லாம் போய்விட்டது. இன்றைக்கு அந்தக் கார் முதல்முறையாகப் பந்தயத்தில் ஓடப்போகிறது. ஓட்டப்போவது அவள் கணவன்.

கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். "மாத்தினதெல்லாம் சொல்றேன், கேளு. கதவுக்குள்ள கெட்டி நுரை அடைச்சிருக்கேன். ஸீட்டை நாலு இன்ச் உள்ள தள்ளியிருக்கேன். ஜன்னல் வலைக் கொக்கிய..."

"கிடைச்சிருச்சு!" டப்பாவைத் தூக்கிக் காட்டினான் டுவைட். "கண்ணு, பந்தயத்தன்னிக்குக் காலங்காத்தால பாடம் எடுக்காத. நீ செஞ்ச கார். கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்."

"கண்ணைத் திறந்தே ஓட்டு, போதும்" என்றாள். அலுப்பில் காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மதியம் கரோலினா வெயில் தாரை உருக்கியது. டுவைட் காருக்குள் நுழைந்ததும் தலைமை மெக்கானிக் லாய்ட் வார்களை இறுக்கி, வெளியே நின்றபடியே, மோதினால் கை வெளியே போகாமல் தடுக்கும் வலையை ஜன்னலில் மாட்டிவிட்டார்.

நூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில் பின்னால் வந்த கார் இடித்தது. டுவைட்டின் கார் சுழன்று சுவரில் மோதி, புல்தரைக்குச் சறுக்கி வந்து புகையோடு நின்றது. டுவைட்டோடு பேசும் ரேடியோவில் வெறும் கரகரப்பு.

"வலைய இறக்குடா டுவைட், வலைய இறக்கு" என்று முணுமுணுத்தார் லாய்ட். மோதிய பிறகு ஓட்டுநர் கொக்கியைக் கழற்றி ஜன்னல் வலையை இறக்கிவிட்டால், நலமாக இருக்கிறான் என்று அர்த்தம். கர்ட்டிஸின் வலை அன்று இறங்கவே இல்லை.

பத்து வினாடி. இருபது. வலை அப்படியே இருந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

"போகாதேம்மா! ஆம்புலன்ஸ் போகுது பாரு!"

லாய்ட் கத்தியது ரோண்டாவின் காதில் விழவில்லை. ஓடுபாதையை ஒட்டி அவர்கள் நின்றிருந்த குட்டைச் சுவரைத் தாண்டிக் குதித்து ஓடினாள். நுரை போதவில்லையோ? ஸீட்டை இன்னும் ஓர் இன்ச் தள்ளியிருக்க வேண்டுமோ? மூன்று வருடக் கணக்கும் தப்பாகிவிட்டதோ?

மூச்சிரைக்க ஜன்னலில் போய் மோதினாள்.

உள்ளே கையுறை போட்ட ஒரு கை, வலையின் மேல் ஓரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் துழாவிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் டுவைட் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினான். சலித்துப்போன குரலில் கேட்டான்:

"இதையும் கீழ மாத்திட்டியா?"