நான்கு எலுமிச்சம்பழங்கள்

பேச்சித்தாய் தண்டவாளத்தின் மேல் நான்கு எலுமிச்சம்பழங்களை வரிசையாக வைத்தாள். புது ரயில் எங்கள் ஊரில் நின்று கிளம்பும்போது சக்கரம் அவற்றை நசுக்க வேண்டும், திருஷ்டி கழியும். நேற்றோடு நிறுத்தப்பட்ட பழைய பாசஞ்சர் ஊர்ந்த வேகத்தில் அவளுடைய கீரை டவுனுக்குப் போவதற்குள் வாடிவிடும். வேகமான வண்டி கேட்டு மனு எழுதி, வீடு வீடாக வந்து எங்களிடம் கையெழுத்து வாங்கியவர் ஊர்த்தலைவர் சிவனணைந்தான். முதல் ஓட்டத்தில் ஜங்ஷனிலிருந்து அவரும் ஏறி வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்காக ஒரு ரோஜா மாலை வாங்கி வைத்திருந்தோம்.

வண்டி வந்தது. வேகம் குறையவே இல்லை. கதவருகே சிவனணைந்தான் நின்றிருந்தார், கழுத்தில் ஏற்கெனவே ஒரு மாலை. எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வணக்கம் சொன்னாரா, தள்ளி நிற்கச் சொன்னாரா, தெரியவில்லை.

“ஏ அருளப்பா, என்னடே நிக்காமப் போவுது?” என்று கேட்டாள் பேச்சித்தாய்.

டிக்கெட் கொடுக்கும் அருளப்பன் நிமிரவில்லை. “நம்மூர்ல நிக்காட்டாலும் பரவால்ல, வேகமாப் போனாப் போதும்னு நீங்கதானக்கா எழுதிக் குடுத்திருக்கீய. மனுவோட நகல் இங்க இருக்கு. மொதக் கையெழுத்தே ஒங்களது.”

பேச்சித்தாய் கீரைக்கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தாள்.

“நாலும் நசுங்கிட்டு,” என்றாள். “இனி அந்த வண்டிக்கு ஒரு கொறையும் வராது.”