கம்பத்தில் தொங்கிய பை

அன்று பிற்பகல் வீட்டில் இருந்தவர்கள் ரென்ஸ்கா வியார்டா, அவள் தம்பி டூக்கா, டூக்காவின் மகள் மாரித். பிறகு பக்கத்து வீட்டு பௌக்யா வந்தாள். வேறு யாரும் இல்லை.

மேசைமேல் மூன்று சைக்கிள் பைகள் கிடந்தன. மூன்றுமே மழை தாங்கும் என்றும், வீட்டில் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றும் கடைக்காரர் கொடுத்தனுப்பியவை.

பள்ளி இறுதித் தேர்வில் தேறிவிட்டால், செப்டம்பரிலிருந்து மாரித் தினமும் லேவார்டன் நகரத்துக் கல்லூரிக்குக் கால்வாய்க்கரை வழியே சைக்கிளில் போகவேண்டும். அந்தக் கரையில் மழை மேலிருந்து பெய்யாது, பக்கவாட்டில் அடிக்கும். நல்ல பையாக வாங்கித் தருவது தன் பொறுப்பு என்று அத்தை ரென்ஸ்கா சொல்லியிருந்தாள்.

எது நல்ல பை என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

வாயைச் சுருட்டிக் கட்டும் பையில் தண்ணீர் புகாது. ஆனால் தோளில் மாட்டினால் மீன் சாக்கு. மேல்மூடி உள்ள பை லட்சணமாக இருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் தையல் ஓட்டைகள் தெரிந்தன. மூன்றாவது ஜிப் வைத்தது. ஜிப்பை நம்பலாம் என்றாள் மாரித், நம்பக்கூடாது என்றான் டூக்கா.

"ஏங்க்கா, ரிசல்ட் வர்ற நேரத்துல பையைப் போட்டு இந்தப் பாடு படுத்துற?"

"ரிசல்ட்டு என்னடா ரிசல்ட்டு? நம்ம வீட்டுல இதுவரைக்கும் யாரு தோத்திருக்கா?"

யாரும் தோற்றதில்லை. வியார்டா என்ற பெயருக்கு அந்த ஊரில் இருந்த மரியாதையில் அதுவும் ஒரு பங்கு.

தோற்றவர்களை மட்டும்தான் பள்ளியிலிருந்து கூப்பிடுவார்கள். மூன்று மணிக்குள் அழைப்பு வராவிட்டால் தேர்ச்சி.

மாரித் காலையிலேயே தன் கைபேசியைச் சத்தம் அடக்கி அத்தையின் மேலங்கிப் பையில் போட்டுவிட்டாள். "வந்தா நீங்களே பேசிக்குங்க அத்தை. என்னால ஆகாது."

மழை பிடித்துக்கொண்டது. ரென்ஸ்காவுக்கு யோசனை வந்தது. ஒவ்வொரு பையிலும் பழைய செய்தித்தாளைத் திணித்து மழையில் மாட்டிவைத்தால் எது ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

சைக்கிளின் பின்பக்கம் இரண்டு பைகளுக்குத்தான் இடம் இருந்தது. மூன்றாவதை மாட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. வாசல் சுவரில் சாய்வாக நீட்டியிருந்த கொடிக்கம்பம் கண்ணில் பட்டது. பையின் கொக்கிகள் அதற்கென்றே செய்ததுபோல் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டன.

கொடி ஏற்றவில்லை. கொடி இல்லாத கம்பம் வெறும் கம்புதானே என்று நினைத்தாள்.

சற்று நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. பௌக்யா நனைந்தபடி நின்றாள். கையில் ஒரு தட்டு நிறைய கேக்.

"அடி மாரித்! வாழ்த்துகள்டி! பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே உனக்கு!"

ரென்ஸ்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பௌக்யா வாசலுக்கு மேலே கைகாட்டிய பிறகுதான் உறைத்தது.

பிள்ளை தேறிய வீட்டில்தான் கொடியேற்றி, அந்தக் கம்பத்தில் பள்ளிப் பையை மாட்டுவார்கள். ஊரெல்லாம் அதுதான் வழக்கம். பிறந்ததிலிருந்து அதே தெருவில் இருப்பவளுக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று?

"அது மழைக்கு மாட்டினது," என்றாள். "மூணு மணி இன்னும் ஆகல."

"மழைக்குப் பையை மாட்டினியா? யாருகிட்ட கதை விடுற? மூணு மணி வரைக்கும் பொறுக்கல உனக்கு. உன் திமிரு எனக்குத் தெரியாதா ரென்ஸ்கா!"

டூக்கா சிரித்துவிட்டான். தெருவில் சைக்கிளில் போன ஒருவர் வீட்டைப் பார்த்தபடி ஓயாமல் மணியடித்துக்கொண்டே போனார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு கை ஆடியது.

பையைக் கழற்றினால் மாரித் தோற்றுவிட்டாள் என்பார்கள். விட்டுவைத்தால் திமிர் என்பார்கள். எதைச் செய்வது? ரென்ஸ்கா கதவுக்கும் கூடத்துக்கும் இடையில் நின்றாள். பின்னால் பௌக்யா உரிமையோடு தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மேலங்கிப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது.

டூக்கா மட்டும் கவனித்தான்.

தெரியாத எண். ரென்ஸ்கா காதில் வைத்துக்கொண்டாள். ஓர் ஆண்குரல் நிதானமாகப் பேசியது. முதுகு நிமிர்ந்தபடியே கேட்டாள். கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த மாரித்தைப் பார்த்தாள்.

"இல்லைங்க," என்றாள். "தப்பான நம்பர்."

டூக்கா மூச்சை விட்டான். கொஞ்ச நேரத்தில் தேவாலயத்து மணி மூன்று அடித்ததும் கொடியை எடுக்கப் பரணுக்கு ஓடினான். அவள் தடுக்கவில்லை. அவன் நாற்காலிமேல் ஏறி, மழையில், பைக்குப் பக்கத்தில் கொடியைக் கட்டும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அழைத்தவர் மாரித்தின் வகுப்பாசிரியர். தான் தேறவில்லை என்பது மாலைக்குள் மாரித்துக்கும் தெரிந்துவிட்டது, இரவுக்குள் தெருவுக்கும்.

குடும்பப் பெயரைக் காப்பாற்றத்தான் ரென்ஸ்கா பொய் சொன்னாள் என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பெயரை அவள் நினைக்கவே இல்லை. தேர்வு தொடங்கிய நாளிலிருந்து சிரிக்காத பெண், அந்த நேரத்தில் வாய் நிறையக் கேக்கோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.